நாதாங்கி இல்லாத கதவுகள்

1. என்னைக் கேட்டார்கள்

“ஞானம்மா, அப்பா கூட எந்நேரமும் இருக்கது நீங்கதான். நீங்களே சொல்லுங்க. அப்பாவைக் கப்பல்ல கூட்டிட்டுப் போகலாமா?”

பாஸ்கர் சார் இப்படிக் கேட்டபோது நான் ஐயாவுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் எனக்கு அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது. பக்கவாதம், புற்றுநோய், இடுப்பு எலும்பு முறிவு என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஐயா எனக்கு நான்காவது டிமென்ஷியா பேஷண்ட். ராஜபாளையத்தில் நாற்பது வருஷம் இரும்புக்கடை வைத்திருந்தவர். கடையை மகன் பாஸ்கர் சார் நடத்துகிறார், குடும்பத்தோடு ராஜபாளையத்திலேயே இருக்கிறார். ஐயா மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் தான் கட்டிய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். அதனால் அந்த வீட்டில் அவரும் நானும்.

கப்பல் யோசனை மகள் வசந்தியுடையது. வெளிநாட்டில் இருக்கிறார், நான்கு வருஷமாக ஊருக்கு வரவில்லை. ஐயா தெம்பாக இருந்த காலத்தில் சரக்கு எடுக்கத் தூத்துக்குடி போய்வரும்போதெல்லாம், ஒருநாள் கப்பலில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று சொல்வாராம். அந்த ஆசையை நிறைவேற்றி வைக்க வேண்டும் என்று மகளுக்குத் தவிப்பு. சென்னையிலிருந்து கிளம்பி ஐந்து நாளில் திரும்பி வரும் உல்லாசக் கப்பல். அறைகூடப் பார்த்து வைத்துவிட்டார்.

டாக்டரைக் கேட்டிருக்கிறார்கள். அவர், “உடம்பு தாங்கும். மனசு தாங்குமான்னு கூட இருக்க அந்தம்மாவைக் கேளுங்க. அவங்க சரின்னா நான் கையெழுத்துப் போடுதேன்” என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த வீட்டிலேயே படிப்பு குறைந்த ஆள் கையில் தீர்ப்பு வந்து விழுந்தது.

எனக்குப் பதில் தெரியும். தெரியாது என்று இன்றைக்குச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். இந்த நோய்க்காரர்களைப் பழகிய இடத்திலிருந்து பெயர்க்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் அரிச்சுவடி. கட்டிலைத் திருப்பிப் போட்டாலே இரண்டு நாள் சோறு இறங்காது.

ஆனால் நான் திருச்செந்தூருக்கு அப்பால் கடல் பார்த்ததில்லை. வன்னியம்பட்டியில் பிறந்து, பத்துப் பன்னிரண்டு வீடுகளின் பின்கட்டில் காலம் போனவள். கப்பல் என்றதும் எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

“போகலாம் சார். நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

நகவெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. அந்த வாரமே வன்னியம்பட்டிக்குப் போய் அக்கா தங்கைகளிடம் எல்லாம் சொல்லிவிட்டு, ஒரு புதுச் சேலையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

2. சாயங்காலச் சுற்று

ஐயாவிடம் நான் எப்படி வேலை பார்த்தேன் என்று சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது விளங்கும்.

காலையில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து, “வாங்கம்மா, என்ன வேணும்?” என்று கேட்பார். கடையில் நிற்பதாக நினைப்பு. “ரெண்டு இஞ்ச் ஆணி கால் கிலோ, நாலு கீல்” என்பேன். “கீலு இரும்பா, பித்தளையா?” என்பார். “நீங்களே சொல்லுங்க.” “வெளிக்கதவுன்னா பித்தளை போடுங்க. மழைக்குத் துருப்பிடிக்காது.” இப்படிப் பேசிக்கொண்டே பல் விளக்கிக் குளிப்பாட்டி இட்லி கொடுத்துவிடலாம். நீங்கள் என் பேஷண்ட், நான் உங்கள் அட்டெண்டர் என்று ஒருநாளும் திருத்த மாட்டேன். திருத்தினால் அன்றைய பொழுது போச்சு.

சிரமம் சாயங்காலம்தான். ஐந்தரை மணி ஆனால் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டுவார். “கடையை அடைச்சாச்சு. வீட்டுக்குப் போறேன்.” இருப்பதே வீட்டில்தான் என்றால் கோபம் வரும், சில நாள் கைகூட ஓங்குவார். இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். கொல்லைப்பக்கக் கதவு வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போவேன். பின்தெரு வழியாகப் போய், பால்கோவாக் கடை முக்கில் திரும்பி, ரத வீதியில் கொஞ்சம் நடந்து, முன்வாசலுக்கு வந்து சேருவோம். போன வழியில் திரும்பக் கூடாது. திரும்பினால் இப்போதுதானே இங்கிருந்து போனோம் என்று கண்டுபிடித்துவிடுவார். முன்வாசலுக்கு வந்தால்தான் வீட்டுக்கு வந்த கணக்கு.

அந்த வாசல் கதவில் பூட்டு மாட்டுவதற்கு ஒரு பித்தளை நாதாங்கி உண்டு. வீடு கட்டும்போது தன் கடையிலிருந்து எடுத்து வந்து அவரே கையால் அடித்தது. கனமானது, நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். தினமும் அதைப் பிடித்து, கட்டை விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்ப்பார். “நம்ம வீடுதான். வாங்க உள்ள” என்று என்னையும் அழைப்பார். பிள்ளைகள் பெயர் போயிற்று, மனைவி இறந்தது மறந்து போயிற்று. அந்த ஒரு நாதாங்கி மட்டும் போகவில்லை. இரண்டரை வருஷம் அந்த வீட்டில் எங்களுக்கு ராத்திரி நிம்மதியாகக் கழிந்தது என்றால் அதனால்தான்.

3. கப்பலில்

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐயா எல்லாவற்றையும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஏறும் இடத்தில் கப்பல் பின்னால் தெரிய ஒரு போட்டோ எடுத்தார்கள். நான் புதுச் சேலையில் இருந்தேன். உள்ளே லிப்டும் மாடிகளும் கண்ணாடியுமாக, கல்யாண மண்டபத்தைப் பத்து அடுக்குக் கட்டிய மாதிரி இருந்தது. எங்கள் அறை எட்டாவது மாடியில். நானும் ஐயாவும் ஒன்றில், பக்கத்து அறையில் வசந்தி, எதிரில் பாஸ்கர் சார்.

இரண்டாம் நாள் ஐந்தரை மணிக்கு ஐயா எழுந்து வேட்டியை இறுக்கினார்.

சரி, நம் வைத்தியத்தைச் செய்வோம் என்று மேல்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நடப்பதற்கென்றே சுற்றிலும் பாதை போட்டிருந்தார்கள். ஒரு சுற்று வந்தோம். தொடங்கிய இடமே வந்தது, வாசல் வரவில்லை. “எங்கம்மா தெருவு?” என்றார். இன்னும் கொஞ்ச தூரம் என்றேன். அடுத்த சுற்று. மூன்று, நான்கு. ஐந்தாவது சுற்றில் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அப்போதும் நிற்கவில்லை. கைத்தாங்கலாகப் பிடித்து எட்டாவது மாடிக்கு இறக்கினேன்.

அங்கே நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். ஐயா முதல் கதவில் கை வைத்தார், தடவினார். அடுத்த கதவு. அதற்கடுத்த கதவு. எந்தக் கதவிலும் நாதாங்கி இல்லை. தாளும் இல்லை, பூட்டும் இல்லை. அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து திறக்கிற கதவுகள். எங்கள் அறையை நான் திறந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இது லாட்ஜு. எனக்கு லாட்ஜு வேண்டாம். வீட்டுல தேடுவாவ.”

வசந்தி ஓடி வந்து, “அப்பா, கப்பல்ப்பா இது. நீங்க ஆசைப்பட்டீங்கல்ல” என்றார்.

“நீங்க யாரும்மா? என்ன வேணும்?”

நான் காலையில் ரசித்துக் கேட்கிற அதே கேள்வி. மகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. நான்கு வருஷம் கழித்துப் பார்க்க வந்த மகள். போனில் பேசும்போதெல்லாம் ஐயா சும்மா தலையாட்டுவார், நானும் “நல்லா இருக்காவ” என்று முடித்துவிடுவேன். உள்ள நிலைமையை நான் ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் வசந்தி என் அறைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. “ஞானக்கா, நீங்க செத்த நேரம் மேல போய்க் கடலைப் பாத்துட்டு வாங்க. அப்பா கூட நான் தனியா இருக்கேன்” என்றார்.

புதிய ஆளிடம் பேஷண்டை விட்டுப் போவதானால் என்ன சொன்னால் கோபம் வரும், என்ன சொன்னால் அடங்குவார் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பெற்ற மகளிடம் என்னத்தைச் சொல்ல என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மை. சொல்ல உட்கார்ந்தால் அரை மணி நேரம் போய்விடுமே என்று நினைத்தேன். அது மீதி. மாடி ஏறிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நான்கு பக்கமும் தண்ணீர். முக்கால் மணி நேரம் நின்றேன்.

கீழே ஐயா தன் மனைவியைக் கேட்டிருக்கிறார். வசந்தி உண்மையைச் சொல்லியிருக்கிறார். “அம்மா செத்து ஆறு வருஷமாச்சுப்பா.” அன்றைக்குத்தான் மனைவி செத்த மாதிரி ஐயா கதறியிருக்கிறார். மகள் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் வெளியே போய்விட்டார்.

நான் திரும்பி வந்தபோது நடைபாதையில் கூட்டம். கோடியில் யாரோ ஒருவருடைய அறைக் கதவை ஐயா இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தார். “கதவைத் திறங்க. எம் பொண்டாட்டி உள்ள கெடக்கா.” விரல் முட்டியெல்லாம் ரத்தம். காவலுக்கு இருந்த இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். “ஏட்டி, நீயாவது சொல்லு” என்றார். இரண்டரை வருஷத்தில் என்னை வாங்கம்மா போங்கம்மா என்பதைத் தவிர வேறு மாதிரி அழைத்ததில்லை. யாரென்று நினைத்து அப்படிச் சொன்னாரோ தெரியாது. கப்பல் டாக்டர் ஊசி போட்டார்.

ஐயா கண் அசந்த பிறகு அந்த டாக்டர், ஊர் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவத்தை எடுத்துப் பார்த்து, இவரைக் கூட்டி வரலாம் என்று சொன்னது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பாஸ்கர் சார் என் பக்கம் திரும்பினார். “ஞானம்மா, நீங்கதான சொன்னீங்க?” சத்தம் போடவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

“ஆமா சார்” என்றேன்.

மீதி நாட்கள் முழுக்க ஐயா மாத்திரையில் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் கஞ்சி ஊற்றினேன். ஜன்னல் திரையைத் திறக்கவே இல்லை.

4. வாசல்

ஊருக்கு வந்து மாத்திரையைக் குறைத்தபின் ஐயா மெல்ல எழுந்து நடந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் வேட்டியை இறுக்கிக் கட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆள் திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். மகளும் மகனும் அன்றைக்கு வீட்டில் இருந்தார்கள்.

கொல்லைப்பக்கம், பின்தெரு, பால்கோவாக் கடை முக்கு, ரத வீதி. முன்வாசலுக்கு வந்து சேர்ந்தோம். நாதாங்கியைப் பிடித்தார். கட்டை விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினார். வெகுநேரம் தடவிக்கொண்டே நின்றார்.

“நல்ல சாமான்” என்றார். “நம்ம கடைச் சரக்குதான். யாரு வீடும்மா இது?”

“நம்ம வீடுதாய்யா.”

“இல்லம்மா. நான் எங்க வீட்டுக்குப் போகணும்.”

அதற்குப் பிறகு பதினோரு மாதம் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அந்த வாசலில் நின்று, யாருடைய வீடு என்று கேட்டார். நானும் மூன்று சுற்று, நான்கு சுற்று என்று கூட்டிக்கொண்டு நடந்தேன். வீடு வரவே இல்லை. நோய் முற்றும்போது இப்படித்தான் ஆகும், உங்கள் மேல் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். போகும்வரைக்கும் வீடு இருந்தது, வந்தபோது இல்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

இப்போது நான் வேலைக்குப் போவதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு மாதம் ஒருமுறை வகுப்பு எடுக்கிறேன். குளிப்பாட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் மற்றவர்களும் சொல்லிக் கொடுப்பார்கள். நான் கடைசியில் ஒன்று சொல்வேன். வீட்டார் உங்களிடம் அபிப்பிராயம் கேட்டால் உடனே வாயைத் திறக்காதீர்கள். அந்தப் பதிலில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருநாள் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். பேஷண்டால் பேச முடியாது. அவருக்காகப் பேசுகிறேன் என்று நாம் நம்முடையதைப் பேசிவிடுவோம்.

பிறகு கப்பல் முன்னால் எடுத்த அந்தப் போட்டோவைச் சுற்றுக்கு விடுவேன். பாஸ்கர் சார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வசந்தி அப்பாவைப் பார்க்கிறார். ஐயா படத்துக்கு வெளியே எங்கோ பார்க்கிறார். நான் ஓரத்தில் புதுச் சேலையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். இதில் கப்பலுக்கு ஆசைப்பட்டது யார் என்று கேட்பேன். இதுவரை ஒரு பெண்கூடத் தப்பாகச் சொன்னதில்லை.