தண்ணீர் கேட்ட நாய்க்குட்டி

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பெற்றேன், ஏழையும் வளர்த்தேன். நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்தால் ஒன்பது. ஒன்றைக்கூட மண்ணுக்குக் கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் அப்படிச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அதனால் பேத்தி ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிவந்து, "ஆச்சி, நான் காலேஜுக்குப் போனா இத நீதான் பாத்துக்கிடணும்" என்றபோது, இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். தாயை மீன் லாரி அடித்துவிட்டதாம். கறுப்புக் குட்டி, நெஞ்சில் மட்டும் வெள்ளை. என் கையால் கஞ்சி குடிக்கும், வயிறு நிறைந்ததும் கிண்ணத்திலேயே தலை வைத்து உறங்கும்.

போன பங்குனியில் ஒரு நாள் காலை, பேத்தி கிளம்பிப் போன பிறகு குட்டியைக் காணவில்லை. தேடப் போவதற்குள் அதுவே வந்து வாசலில் வாந்தி எடுத்தது. முதலில் நுரை, பிறகு வெறும் தண்ணீர். பின்பக்கமும் தண்ணீராகவே போனது.

பிள்ளைகளுக்கு இப்படி வந்தால் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். ஆறின வெந்நீரில் உப்பும் சீனியும் கரைத்து வைத்தேன். என் பிள்ளைகளைப் பிழைக்க வைத்த தண்ணீர் அது. குட்டி பாய்ந்து குடித்தது. எனக்குப் பெருமைதான். குடித்த வேகத்தில் கக்கியது. உப்பு போதவில்லையோ என்று இன்னொரு சிட்டிகை போட்டு மறுபடியும் கொடுத்தேன். அதன்பிறகு எழுந்து நின்றால் கடலில் வள்ளத்தில் நிற்கிற மாதிரி பின்கால் ஆடியது. தாடை வெடவெடவென்று நடுங்கியது. அப்போதுதான் இது என் பிள்ளைகளுக்கு வந்த மாதிரி இல்லை என்று பட்டது.

பின்வீட்டுக்காரி கருவாடு போடுகிறவள். மீனை உப்பில் ஊறவைக்கச் சிமெண்டுத் தொட்டி கட்டியிருக்கிறாள். அவள் எட்டிப் பார்த்தாள்.

"பெரிம்மா, குட்டிக்கு என்ன செய்யுது? காலைல எங்க தொட்டியில ஒழுகுத தண்ணிய நக்கிட்டுக் கெடந்துச்சு. கருவாட்டுக்கு வெல பேச வந்துட்டுன்னு சிரிச்சோமே!"

அந்தத் தண்ணீர் காலில் பட்டாலே வெடிப்பெல்லாம் எரியும். அதைக் குடித்துவிட்டு வந்த உயிருக்கு நான் இரண்டு தடவை உப்புக் கரைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அவள்தான் ஆட்டோ பிடித்தாள். குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மாதா செபம் சொல்ல ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து சொல்கிற செபம், பாதியில் மறந்துபோனது. திரும்பத் திரும்ப முதல் வரியையே சொன்னேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சாத்தான்குளத்துப் பிள்ளை, சின்ன வயது. "என்ன குடுத்திய ஆச்சி?" என்று கேட்டார். சொன்னேன்.

"மனுசப் பிள்ளைக்கு அது சரிதான். இது பாதி கருவாடாகி உங்கள்ட்ட வந்திருக்கு. நீங்க மேல கொஞ்சம் உப்பு தூவியிருக்கிய."

பின்வீட்டுக்காரி சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

முன்காலில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "இனி வெறுந்தண்ணிதான். ஆனா கேக்குதேன்னு கிண்ணத்த வச்சிராதீங்க. ஒரே மூச்சுல குடிச்சா மூள வீங்கி, கைகால் வெட்டி இழுப்பு வந்திரும். சொட்டுச் சொட்டாக் குடுங்க. ஒண்ணுக்குப் போகுதான்னு பாருங்க, போச்சுன்னா உப்பு எறங்குதுன்னு அர்த்தம்."

"பொழச்சிருமாய்யா?"

"இழுப்பு வராம இருக்கணும், ஆச்சி." ஆமாம் என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குட்டி குடத்தை நோக்கி ஊர்ந்தது. குடத்தின் வெளியே வேர்த்திருந்த ஈரத்தை நக்கியது. தூக்கி மடியில் போட்டேன், என் மணிக்கட்டை நக்கியது. என் வேர்வையிலும் உப்புதானே என்று பதறிக் கையை இழுத்துக்கொண்டு, முழங்கைவரை கழுவினேன்.

சொட்டுச் சொட்டாகக் கொடுப்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். ஒரு தடவை வள்ளம் திசை மாறி, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்து, உதடு பிளந்து கரை சேர்ந்தார். இந்தக் கரையில் அப்படி வருகிறவர்களுக்குக் குடத்தைக் கொடுக்கமாட்டோம். துணியை நனைத்து வாயில் பிழிவோம். அவர் குடத்தைக் கேட்டு என்னை வாயில் வராத வார்த்தையெல்லாம் ஏசினார். நான் கொடுக்கவில்லை. இந்தக் குட்டிக்கு ஏசத் தெரியாது. என்னைப் பார்த்து முனகியது, அவ்வளவுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சேலை முந்தியை நனைத்துப் பிழிந்தேன். சற்று விட்டு மறுபடியும் பிழிந்தேன். அதன் கால் ஒரு தடவை உதறினாலும் இழுப்புதானோ என்று என் உயிர் போய் வந்தது.

சாயங்காலம் பேத்தி வந்தாள். முனகலைக் கேட்டதும் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது.

"தாகத்துல அழுவுது ஆச்சி! கல்லு மனசா உனக்கு?"

"ஏளா, நீ குடுத்தா செத்துப்போகும். நான் குடுத்ததுலதான் பாதி செத்துக் கெடக்கு."

நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு துணியை நனைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மாறி மாறிப் பிழிந்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் என் மடி சூடாக நனைந்தது. குட்டி ஒன்றுக்குப் போயிருந்தது. "ஆச்சி, போயிட்டு! போயிட்டு!" என்று பேத்தி கத்தினாள். ஈரச் சேலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதன் நடுக்கம் நின்றிருந்தது.

இப்போது அது ஓடுகிறது, செருப்பைக் கடிக்கிறது. ஆனால் தண்ணீரில் வாய் வைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கும். கிண்ணத்தைப் பிடுங்கத் தோன்றும். அது தலையைத் தூக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

இதோ, இப்போதும் குடித்துக்கொண்டிருக்கிறது. ஏளா, இங்கன வா. நான் எழுதினத எனக்கு வாசிச்சுக் காட்டு. மெல்ல வாசி. எனக்குக் கண்ணு அது மேலதான் இருக்கும், காது உன்கிட்ட இருக்கும்.