சோடியம் விளக்கு சூடேறும் முன்

நாகலக்ஷ்மி குரோம்பேட்டைப் பள்ளியொன்றில் பதினாறு வருஷம் இயற்பியல் எடுத்தவள். பக்கவாதத்தில் விழுந்த கணவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிவிட்டு எட்டரைக்குப் பள்ளியில் நிற்பாள். ஒருநாள் தாமதமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வந்த நாளிலிருந்தே அதன் 'ஏ' பிரிவு அவளுடையது. 1987-இல் கிருபா வேலைக்குச் சேர்ந்தாள். வயது இருபத்தைந்து. சந்தேகம் கேட்க மாணவிகள் அவளைத் தேடிப் போனார்கள். இடைவேளையில் அவள் மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. நாகலக்ஷ்மிக்கு வயிறு எரிந்தது. 'ஏ' பிரிவுக்குக் கிருபாவே வேண்டும் என்று மாணவிகள் கேட்டார்கள்.

"ரெண்டு பேர் பாடத்தையும் பார்த்துட்டு 'ஏ' பிரிவு யாருக்குன்னு சொல்றேன்" என்றார் தலைமையாசிரியை பாலாம்பாள். திங்களன்று நாகலக்ஷ்மி நடத்தி முடித்தாள். செவ்வாய் கிருபாவின் முறை. அணு எப்படி ஒளிவிடுகிறது என்கிற பாடம்.

சோடியம் விளக்கு சூடேறப் பத்து நிமிஷமாகும், முன்னதாகவே போடவேண்டும். நாகலக்ஷ்மி காலைப் பிரார்த்தனை மணிக்கே போட்டுவிடுவாள். கிருபா வகுப்பு தொடங்கியபிறகுதான் சுவிட்சைத் தட்டினாள். பாலாம்பாளோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நாகலக்ஷ்மி பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

ஒளியை நிறக்கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் கண் வைத்த பெண் கத்தினாள். "மிஸ், மஞ்சள் கோடுன்னீங்க. சிவப்பால்ல இருக்கு!"

"சோடியம் வெக்கப்படுதுடி" என்றாள் இன்னொருத்தி. வகுப்பே சிரித்தது. நாகலக்ஷ்மியும் சிரித்தாள்.

கிருபா அந்தப் பெண்ணை நகரச் சொன்னாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இது சோடியம் இல்ல. விளக்கு பத்திக்கிறதுக்காக உள்ள கொஞ்சம் நியான் இருக்கு, அதோட கோடு. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்துல ஏறுவீங்கல்ல? ரெண்டு படிக்கு நடுவுல நிக்க முடியுமா? எலக்ட்ரானும் அப்படித்தான். மேல்படியிலேர்ந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது, அந்த வித்தியாசம் ஒளியா வெளிய வரும். நியானோட படி வேற, சோடியத்தோட படி வேற. அதனால நிறமும் வேற."

"நடுவுல ஏன் நிக்கக் கூடாது?" என்று பாலாம்பாள் கேட்டார்.

"எலக்ட்ரான் அலை மாதிரி மேடம். ரெண்டு முனையும் கட்டின வீணைக் கம்பி சில விதமாத்தான் அதிரும். அணுவுக்குள்ள அடைபட்ட அலையும் அப்படித்தான். ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு ஆற்றல். நடுவுல ஒண்ணும் கிடையாது."

அதற்குள் மஞ்சள் ஏறிவிட்டது. பெண்கள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். பதினாறு வருஷத்தில் அந்தச் சிவப்பை ஒருத்திக்குக்கூடத் தான் காட்டியதில்லை என்பது நாகலக்ஷ்மிக்கு அப்போதுதான் உறைத்தது.

'ஏ' பிரிவு கிருபாவுக்குப் போயிற்று.

கை கழுவும் இடத்தில் கிருபா கேட்டாள்: "லேட்டா போட்டேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல, டீச்சர்?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"நீ அசடு வழியணும்னு பார்த்துக்கிட்டிருந்தேன். வழியல. அது இன்னமும் பொறுக்கல எனக்கு."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, நாகலக்ஷ்மி பதினொன்றாம் வகுப்புக்குப் போனாள்.