விடையை மூடிவிட்டுக் கேட்டவர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி மணி அடித்தபோது நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து லோகநாயகியின் தம்பி பேசினார். "அண்ணே, அக்கா விடியக்காலையில போயிட்டாங்க," என்றார். எந்த மருத்துவமனை என்று கேட்டேன், சொன்னார். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன், அதையும் சொன்னார். தொலைபேசியை வைத்த பிறகுதான், அவருக்கு ஆறுதலாக ஒரு சொல்கூட நான் சொல்லவில்லை என்பது உறைத்தது. மறுபடியும் அழைத்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் லோகநாயகியோடு வேலை செய்தவர்கள். எந்தத் தாளையும் திருப்பி அனுப்புகிறார் என்று அவருக்கு 'ரிட்டர்ன் லோகா' எனப் பெயர் வைத்தவர்களும் உங்களில்தான் இருக்கிறார்கள். எனக்குக் கோவையாக எழுத வருமா என்பது சந்தேகம். நான் சொல்வதில் பிழை இருந்தால் திருத்துங்கள். அவர் இருந்திருந்தால் நான் எழுதி முடிக்கும் முன்பே கேள்வி கேட்கத் தொடங்கியிருப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் நாங்கள் அறிமுகமானோம். நான் புரோகிராம் எழுதுபவன். அவர் அட்டையில் துளையிடும் அறையில் சரிபார்ப்பவர். அந்த வேலையை இன்று பலர் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவர் தாளைப் பார்த்து எழுத்துகளை அட்டையில் துளைகளாக அடிப்பார். இன்னொருவர் அதே தாளைப் பார்த்து, அதே அட்டையின் மீது, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் இயந்திரம் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கைக் காட்டும். ஒத்துப்போனால் அட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும்.

அதில் ஒரு குறுக்கு வழி இருந்தது. அடித்த எழுத்துகள் அட்டையின் தலைப்பகுதியில் அச்சாகியிருக்கும். தாளைப் பார்க்காமல் அதைப் பார்த்து அடித்தால் சிவப்பு விளக்கு எரியவே எரியாது, வேலை பறக்கும். பலர் அப்படித்தான் செய்தார்கள். லோகநாயகி செய்யவில்லை. அதனால் அந்த அறையிலேயே மெதுவாக வேலை செய்பவர் என்ற பெயர் அவருக்கு. மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலும் அவரைக் கடிந்துகொண்ட ஒரு நாள், நான் வாசலில் நின்றிருந்தேன். அவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் அப்படியே கேட்கிறது. "முன்னாடி உள்ளவங்க அடிச்சத பார்த்து நான் அடிச்சா, அது செக் பண்றது இல்ல மேடம். அது காப்பி."

பிறகு துளை அட்டைகளின் காலம் போனது. லோகநாயகி மாலை வகுப்புகளில் படித்துத் தேறினார். எண்பதுகளில் நாங்கள் இருவரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மறுபடியும் சேர்ந்தோம். கீழே மசாலா அரைக்கும் கடை. எங்கள் தாள்கள் எல்லாவற்றிலும் மல்லி வாசம் அடிக்கும்.

அங்கே டெஸ்ட் கேஸ்களைப் பரிசீலித்து ஒப்புதல் கொடுப்பது அவர் பொறுப்பு. புரோகிராமைச் சோதிக்கும் முன்பு, எதை உள்ளே கொடுக்கப்போகிறோம், என்ன விடை வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிவைப்போம். அதுதான் டெஸ்ட் கேஸ். அவர் கையெழுத்து விழாமல் சோதனை தொடங்கக் கூடாது. மற்ற இடங்களில் இந்தத் தாள்களை மேலோட்டமாகப் படித்துக் கையெழுத்துப் போடுவார்கள். லோகநாயகி ஓர் அட்டைத் துண்டால் விடை எழுதிய பத்தியை மூடிவிடுவார். கேள்வியை மட்டும் வாசித்து, எதிரில் இருப்பவரிடம், "என்ன வரணும்?" என்பார். சொன்ன விடையும் எழுதிய விடையும் ஒத்துப்போனால்தான் அடுத்த கேஸுக்குப் போவார்.

என் முதல் தாளே திரும்பி வந்தது. ஒரு கிளினிக்குக்கான புரோகிராம். நோயாளியை ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறார் டாக்டர், அந்த நாள் பொது விடுமுறை. எந்தத் தேதியை அச்சிட வேண்டும்? முந்தின நாள், இல்லாவிட்டால் மாத்திரை தீர்ந்துவிடும் என்றேன். அவர் அட்டைத் துண்டை நகர்த்தினார். மறுநாள் என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

"என்ன அண்ணே, எழுதுன அண்ணனும் பேசுற அண்ணனும் வேற வேற ஆளா?"

"ஓம், பிழைதான்," என்றேன்.

"எது பிழை? எழுதுனதா, சொன்னதா? எனக்கு எப்படித் தெரியும்? போய் டாக்டரையே கேட்டுட்டு வாங்க."

விடை எதுவென்று அவராகச் சொன்னதே இல்லை. அது தெரிந்தவர்களை ஒரே மேசையில் உட்காரவைப்பதுதான் தன் வேலை என்று நினைத்தார். என் போன்றவனுக்கு அது பெரிய உதவி. என் மீது எனக்கு எப்போதும் இருந்த சந்தேகம், அந்த மேசையில் மட்டும் குறையாகத் தெரியவில்லை.

இனி அந்த மருத்துவமனை விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதன் பெயர் வேண்டாம். அவர்களுடைய இரத்த வங்கிக்கு நாங்கள் ஒரு புரோகிராம் செய்துகொண்டிருந்தோம். திங்கட்கிழமை சோதனையைத் தொடங்குவதாக எங்கள் முதலாளி பாலகிருஷ்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். தரப் பிரிவுக்குத் தலைவர் பதவி ஒன்றை உருவாக்கி, அதை லோகநாயகிக்குத் தருவதாகவும் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பரிசீலனை. மருத்துவமனையிலிருந்து ஆய்வுக்கூடத் தலைவர் திரு. வோங்கும், அவசரப் பிரிவின் மூத்த தாதி சிஸ்டர் அமுதாவும் வந்திருந்தார்கள்.

பெயர் தெரியாத நோயாளியைப் பற்றி நான் ஒரு கேஸ் எழுதியிருந்தேன். விபத்தில் அடிபட்டு, நினைவில்லாமல், அடையாள அட்டையும் இல்லாமல் வருகிறார். அவருக்கு இரத்தம் வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் கேஸில் சிக்கல் எதுவும் இல்லை. லோகநாயகி அதைப் படித்துவிட்டு, அப்படி இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்ன வர வேண்டும் என்று கேட்டார். ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றேன் நான். வகை பார்க்க வரும் இரத்த மாதிரிக் குழாயில் பதிவு எண் இல்லாவிட்டால் கணினி மறுக்க வேண்டும் என்றார் திரு. வோங். சிஸ்டர் அமுதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதிவு நம்பர் பின்னாடிதான் வரும். நாங்க டியூப்ல 'அன்னோன்'னு எழுதி முதல்ல அனுப்பிடுவோம். கம்ப்யூட்டர் வேணாம்னு சொன்னா, அதுக்குள்ள ஆளு போயிடும்லா."

"ரெண்டு டியூப்லயும் அன்னோன்னு எழுதியிருந்தா, எது யாரோட ரத்தம்?" என்று கேட்டார் லோகநாயகி.

அவர் கையெழுத்துப் போடவில்லை. பாலகிருஷ்ணன் நல்ல மனிதர்தான், ஆனால் அன்று அவர் முகம் மாறிவிட்டது. மற்றவற்றுக்கு ஒப்புதல் கொடுங்கள், இது ஒன்றைப் பிறகு பார்ப்போம் என்றார். சோதனை தொடங்கிவிட்டால் 'பிறகு' வராது என்றார் லோகநாயகி. திங்கட்கிழமை தொடங்காவிட்டால் அந்தத் தலைவர் பதவியை வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும் என்று முதலாளி சொன்னார். விருந்தினர்கள் முன்னாலேயே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் மூத்தவன், நான் போட்டாலும் போதும் என்றார்.

"அவரைக் கேக்காதீங்க பாஸ்," என்றார் லோகநாயகி. "எழுதுனவரே ஒப்புதல் குடுக்க முடியாது. மூணு பேரும் ஒரே விடை சொல்லல. கம்ப்யூட்டர் யார் பேச்சக் கேக்கும்? அந்தப் பதவிய யாருக்கு வேணும்னாலும் குடுங்க. இதுல நான் கையெழுத்து போட மாட்டேன்."

அவர் குரல் உயரவில்லை. கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. அந்தப் பதவி வருவதாக வீட்டில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தெரியும். "நானும் போட மாட்டேன்," என்றேன். அது அறையில் எத்தனை பேருக்குக் கேட்டது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சோதனைக்குப் பதிலாக நாங்கள் இருவரும் அந்த அவசரப் பிரிவுக்குப் போனோம். திரு. வோங்கையும் கீழே இறங்கி வரச் செய்தார் லோகநாயகி. வோங்கும் சிஸ்டர் அமுதாவும் பல ஆண்டுகளாகத் தொலைபேசியில் மட்டுமே பேசிக்கொண்டவர்களாம். நோயாளிகளின் படுக்கைகளைத் தள்ளிக்கொண்டு போகும் நடையோரத்தில் நின்று இருவரும் வாதாடினார்கள். மதியத்துக்குள் ஒரு முடிவு வந்தது. எண் அச்சிட்ட கைப்பட்டைகளை முன்கூட்டியே அங்கே வைத்திருக்க வேண்டும். பெயரில்லாதவர் வந்ததும் முதலில் கையில் பட்டை, அதே எண் டியூபில். அந்த எண் இருந்தால் கணினி ஏற்கும், இல்லாவிட்டால் மறுக்கும். அதன் பிறகும் லோகநாயகி விடவில்லை. கேஸைத் திருத்தி எழுதவைத்து, விடையை மூடி, இருவரையும் தனித்தனியே கேட்டார். இருவரும் ஒரே விடையைச் சொன்னார்கள். அப்போதுதான் பேனாவைத் திறந்தார்.

சோதனை தாமதமாகத் தொடங்கியது. பதவி, வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அந்தச் செய்தியை லோகநாயகியே எங்களுக்குச் சொன்னார், முனைக்கடையில் தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டே. "நாற்காலியத்தானே எடுத்தாங்க, வேலைய எடுக்கலியே. நாளைக்கு கேஸ் கொண்டு வாங்க அண்ணே, திருப்பி அனுப்பணும்." புதிதாக வந்தவரின் கீழ் அவர் முகம் சுளிக்காமல் வேலை செய்தார். அந்தப் புதியவரின் தாள்களையும் திருப்பி அனுப்பினார்.

பெயர் தெரியாத இருவர் அந்த மருத்துவமனைக்கு ஒரே நேரத்தில் எப்போதாவது வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் எங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? சென்ற ஆண்டு அவர் நோயில் படுத்திருந்தபோது கிள்ளானுக்குப் பார்க்கப் போனேன். அந்தப் பதவி போனதில் வருத்தம் இருந்ததா என்று, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"இருந்துச்சு அண்ணே. இல்லாம இருக்குமா? ஆனா அது என் வருத்தம், நானே பட்டுக்கலாம். கையெழுத்து போட்டிருந்தா அது யாரோட வருத்தமா போயிருக்குமோ. அந்த ஆளோட பேருகூட நமக்குத் தெரியாது."

அவருக்குத் தைரியம் இயல்பாகவே இருந்தது என்று நினைத்திருந்தேன். அன்று விடைபெறும்போது, அந்த வெள்ளிக்கிழமை மேசைக்கு அடியில் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்: நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்காமல் மறுப்பது. வேறு யாரும் முன்வராததால் எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவுக்கு நான் செயலாளர். தீயணைப்புக் குழாய்களைப் பழுதுபார்த்துச் சோதித்தாயிற்று என்ற தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். குழுத் தலைவர் சத்தமாகப் பேசுபவர். மின்தூக்கி அருகே என்னை நிறுத்தி, கான்ட்ரேக்டர் எல்லாம் பார்த்துவிட்டார், போடுங்கள் என்றார். குழாயைத் திறந்து காட்டச் சொன்னேன். நேற்று திறந்தார்கள். மேல் மாடியில் தண்ணீர் வரவில்லை. காற்றுதான் வந்தது. மற்ற மாடிகளில் வருகிறதே, அது போதாதா என்று கேட்கத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். மேல் மாடியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் தெரியும்.