கண்ணடிக்காத வண்டி

ரிமோட்டில் பூட்டியதும் காரின் நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கு ஒருமுறை மின்னி அணையும். எங்கள் கம்பெனி செக் ஷீட்டில் அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. ஒரகடம் சாலையில் இருக்கும் பெரிய சைவ ஓட்டலின் செக்யூரிட்டி அக்கா அதை, வண்டி கண்ணடிக்கிறது என்பார். இரண்டில் எது சரியான பெயர் என்று இன்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லுவேன்.

என் வேலை கார் பூட்டுவது. கார் கம்பெனியில் லைனின் கடைசியில் நிற்கிறேன். புதிதாக இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அதன் ரிமோட்டை எடுத்து, பூட்டு, திற, பூட்டு என்று அமுக்கிப் பார்த்து, விளக்கு மின்னியதா, டக்கென்று சத்தம் வந்ததா என்று ஷீட்டில் டிக் போட வேண்டும். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து இங்கே வந்தேன். அச்சடித்த தாளில் ஒன்று இருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவன். நான் ஒன்று சொன்னால், படித்த பிள்ளை சொல்கிறான் என்று வீட்டில் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த இரண்டும்தான் காரணம்.

செகண்ட் ஷிஃப்டுக்கு எங்கள் கம்பெனி பஸ் அந்த ஓட்டல் வாசலில்தான் நிற்கும். படப்பையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் அறையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, ஒரு மணியிலிருந்தே ஓட்டல் காம்பவுண்டின் வேப்பமரத்து நிழலில் நிற்போம். அக்காவின் பிளாஸ்டிக் நாற்காலியும் அங்கேதான். ஆனால் அவர் அதில் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

முப்பத்தைந்து வயதிருக்கும். சேரப்பணஞ்சேரிக்காரர். வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். புடவைக்கு மேல் நீலச் சட்டை, கழுத்தில் விசில். ஒரு கார் வந்து நின்று, ஆட்கள் இறங்கி உள்ளே போனதும், அக்கா அந்தக் காரை ஒட்டி நடப்பார். நடக்கிற நடையிலேயே இரண்டு விரலால் கதவின் கைப்பிடியை ஒரு இழு. வராவிட்டால் அடுத்த வண்டி. வந்துவிட்டால் நேராக ஓட்டல் படியேறிப் போய், சாப்பிடுகிற அத்தனை பேரும் நிமிரும்படி ஒரு குரல் கொடுப்பார்.

“வெள்ள வண்டி! பின்னால புள்ளையார் ஒட்டிக்கீற வண்டி! கதவு தொறந்துகீது!”

தோசையை விட்டுவிட்டு ஒருவர் கையை உயர்த்திக்கொண்டே ஓடிவருவார். எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

ஒருநாள் அக்கா கைப்பிடியை இழுத்ததும் ஒரு புதுக் கார் ஊளையிட ஆரம்பித்துவிட்டது. காரின் சொந்தக்காரர் கோபமாக வந்தார். பின்னாலேயே ஓட்டல் மேனேஜர்.

“ஏம்மா, கஸ்டமர் வண்டியில கை வைக்காதேன்னு எத்தனவாட்டி சொல்றது?”

“பூட்டிகீதான்னு பாத்தேன் சார்.”

“அதான் ரிமோட் இருக்கே!”

பக்கத்தில் யூனிஃபாரத்தில் நின்றிருந்த என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன்.

“சார், நாங்கதான் இத டெஸ்ட் பண்றது. ஒவ்வொரு தடவ அமுக்குறப்பவும் வண்டிக்குப் புதுசா ஒரு நம்பர் போகும். பழைய நம்பரக் காப்பியடிச்சாலும் தெறக்காது. கையால இழுத்துப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல சார்.”

மேனேஜர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“கேட்டுக்கம்மா. படிச்ச தம்பி, கார் கம்பெனியிலயே வேலை பாக்குது. இனிமே எந்த வண்டியிலயும் உன் கை படக்கூடாது. கஸ்டமரப் பாத்து கத்துறது, விசில் ஊதுறது, ஒண்ணும் வேணாம். கேட்டத் தொறந்து மூடு, போதும்.”

அவர்கள் போனதும் அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

“சர்தான் இன்ஜினியரு. உன் வண்டியெல்லாம் நல்லா இருக்கட்டும்.”

அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் படித்தது ஒரு ஓட்டலின் சட்டத்தையே மாற்றிவிட்டது அல்லவா? அக்கா அதன்பிறகு என்னை இன்ஜினியர் என்றுதான் கூப்பிட்டார். அது கிண்டல் என்பது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

அடுத்த வாரம் எங்கள் லைனில் ஒரு கூத்து நடந்தது. திடீரென்று எந்தக் காரும் ரிமோட்டுக்கு மசியவில்லை. அமுக்கினால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு வண்டி என்றால் பரவாயில்லை, வரிசையாக மூன்று. பேட்டரியை மாற்றினோம். சூப்பர்வைசர் ஓடிவந்து, “எல்லா வண்டியும் ஒரே நேரத்துல செவிடாயிருச்சாடா?” என்று கத்தினார். லைன் நின்றுவிட்டது. கடைசியில் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த ஒருவன் சோதனைக்கு வைத்திருந்த பழைய ரிமோட்டை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு மேசையில் சாய்ந்து நின்றிருக்கிறான். அதன் பட்டன் அமுங்கியே இருந்திருக்கிறது. அது விடாமல் போட்ட, மனிதக் காதுக்குக் கேட்காத சிக்னல் கூச்சலில் மற்ற ரிமோட் சொன்னது எந்த வண்டியின் காதிலும் விழவில்லை. அவனை வைத்து ஷிஃப்ட் முடியும்வரை சிரித்தோம். சிரித்துவிட்டு, நான் அறைக்கு வந்து தூங்கிவிட்டேன். அதற்கும் ஓட்டல் வாசலுக்கும் சம்பந்தம் உண்டு என்று தோன்றவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு வியாழக்கிழமை. நான் போய் இறங்கும்போதே காம்பவுண்டில் கூட்டம். ஏதோ கம்பெனியில் அதிகாரியாக இருக்கும் ஒருவர், தன் காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பின்சீட்டில் வைத்த லேப்டாப் பையைக் காணோம். கண்ணாடி உடையவில்லை. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

“நான் லாக் பண்ணேங்க. நானே அமுக்கினேன்,” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மேனேஜர் கேமராவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கழுத்தில் அட்டை தொங்க, சட்டையை இன் பண்ணிய ஒருவன் வருகிறான். சொந்தக் காரைத் திறப்பது மாதிரி கதவைத் திறந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பைக்கில் ஏறிப் போய்விடுகிறான். மேனேஜர் அக்கா பக்கம் திரும்பினார்.

“சாவி இல்லாம எப்படித் தெறப்பான்? அவன் உன்னத் தாண்டித்தான் போறான். நீ பாத்துக்கிட்டு நிக்கிற. அவனுக்கும் உனக்கும் என்ன?”

“டேக் போட்டுக்கினு வந்தான், வண்டிக்காரருகூட வந்தவர்னு நெனச்சேன் சார். ஆனா ஒண்ணு. அந்த வண்டி பூட்டசொல்லோ கண்ணடிக்கல. நான் பாத்தேன்.”

“பாத்தியா? பாத்தா ஏன் சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்கோ.”

மேனேஜர் அதைக் காதில் வாங்கவில்லை. அக்காவை வேலைக்கு அனுப்பிய செக்யூரிட்டி ஏஜென்சிக்கு ஃபோன் போட்டுவிட்டாராம், ஆள் வந்துகொண்டிருக்கிறாராம். “சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு இங்கயே நில்லு. போலீஸ் வந்ததும் பேசிக்கலாம்.” எல்லார் எதிரிலும் சொன்னார். கூட்டத்தில் இரண்டு பேர் அக்காவின் ஊர்க்காரர்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். வேலை போனால் இந்தச் சாலையில் இன்னொரு வேலை கிடைக்கும். திருடனுக்குத் துணை போனவள் என்ற பெயரோடு சேரப்பணஞ்சேரி பஸ்ஸில் எப்படி ஏறுவது?

அக்கா அழவில்லை. சட்டையின் மேல் பட்டனில் கையை வைத்தபடி என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பஸ் ஏறியிருப்பேனோ என்னவோ.

“இன்ஜினியரு சொல்லட்டும். பூட்டுற வேல அவுருதுதானே.”

அந்த நேரம் பார்த்து எங்கள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. என் அறைத் தோழன், திருநெல்வேலிக்காரன், படியில் தொங்கிக்கொண்டு கத்தினான். “ஏலே, அங்க என்னல வேடிக்க? வால, வண்டி கெளம்புது!”

“நீ போ!” என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சேர்ந்ததிலிருந்து நான் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை.

மூன்று செவிட்டு வண்டிகள் அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தன.

“சார், அவன் தெறந்தத பாத்துட்டீங்க. இவரு பூட்டுனத பாத்தீங்களா?”

“அத எதுக்குப்பா பாக்கணும்? அவரே பூட்டினேன்னு சொல்றாரு.”

“ஒரு தடவ பாத்துருவோம் சார்.”

கல்லாவுக்குப் பின்னாலிருந்த சின்ன டிவியில் ஓடவிட்டார்கள். மேனேஜர், அதிகாரி, நான், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா. கார் வந்து நிற்கிறது. அதிகாரி காதில் ஃபோனோடு இறங்குகிறார். திரும்பிப் பார்க்காமலே நடக்கிறார். நடந்துகொண்டே ரிமோட்டைத் தோளுக்கு மேல் தூக்கி அமுக்குகிறார். பின்னால் நிற்கும் கார் சும்மா நிற்கிறது. ஒரு விளக்குகூட மின்னவில்லை.

“இன்னொருவாட்டி போடுங்க,” என்றார் அதிகாரி. போட்டார்கள். மின்னவில்லை.

“அப்படியே விடுங்க சார்,” என்றேன். அடுத்து ஒரு சிவப்புக் கார். அதன் டிரைவர் அமுக்குகிறார். மின்னவில்லை. அவர் நின்று, திரும்பி, இன்னும் இரண்டு முறை அமுக்கிவிட்டு, சலித்துக்கொண்டு வந்து சாவியை நுழைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார். படத்தின் ஓரத்தில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு பைக். அதே இன் பண்ணிய சட்டைக்காரன் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான். மடியில் ஒரு பை. பைக்குள் கை. சிவப்புக் காரின் டிரைவர் உள்ளே போனதும் கையை வெளியே எடுக்கிறான். அதன்பிறகு வந்த கார், ரிமோட்டை அமுக்கியதும் அழகாக மின்னுகிறது.

ஏப்ரன் பையில் இருந்த ரிமோட்டின் கதையைச் சொன்னேன். “அவன்கிட்ட சாவி இல்ல சார். சத்தம் போடுற கருவி ஏதோ வச்சிருக்கான். ரிமோட் சொன்னது வண்டிக்குக் கேக்கல. வண்டி பூட்டவே இல்ல. தெறந்து கெடந்த கதவத்தான் அவன் தெறந்தான்.” பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. “புது நம்பர் போகும்னு சொன்னேன்ல சார், அது பொய்யில்ல. ஆனா அந்த நம்பர் வண்டிக்குப் போய்ச் சேந்தாத்தான? கையால இழுக்க வேணாம்னு அன்னைக்கு நான் சொன்னதுதான் தப்பு. அக்கா செஞ்சதுதான் சரி.”

இதைச் சொல்லும்போது காது சுட்டது.

அதிகாரி டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். “நான் திரும்பியே பாக்கலை,” என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, “தப்பா நெனச்சிட்டேம்மா,” என்றார்.

மேனேஜர் மேசையில் இருந்த பில் புத்தகத்தை நேராக்கினார். “சரி, ஏஜென்சிக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய் கேட்டப் பாரும்மா.”

அக்கா நகரவில்லை.

“இனிமே நான் கதவ இழுத்துப் பாக்கலாமா கூடாதா?”

“பாரு.”

“விசிலு?”

“ஊது. ஊதித் தொலை.”

“அத்த வெளிய வந்து சொல்லுங்க சார். சட்டையக் கழட்டுன்னு எல்லார் எதுருலயும்தானே சொன்னீங்கோ.”

நானாக இருந்தால் வேலை மிஞ்சியதே போதும் என்று ஓடியிருப்பேன். மேனேஜர் எழுந்தார். ஓட்டல் படியில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, இனி வண்டிகளைச் சோதிப்பது இவருடைய பொறுப்பு என்று சொன்னார். அக்காவின் ஊர்க்காரர்கள் இருவரும் கடைசி வார்த்தைவரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அக்கா மேல் பட்டனைச் சரியாகப் போட்டுக்கொண்டு நேராகச் சிவப்புக் காருக்குப் போய் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது.

போலீஸ் வந்து கேமராப் பதிவை வாங்கிப் போனார்கள். பை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. நான் ஷேர் ஆட்டோ பிடித்து லேட்டாகப் போய் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். இப்போதெல்லாம் டிக் போடுவதற்கு முன்னால் நானும் கைப்பிடியை ஒரு இழு இழுக்கிறேன். “ஷீட்ல அது இல்லியேப்பா,” என்று அவர் ஒருநாள் கேட்டார். “இல்லதான் சார்,” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனேன்.

அந்த ஓட்டலுக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் இப்போது காரைவிட்டு இறங்கி, நின்று, திரும்பிப் பார்த்துத்தான் அமுக்குகிறார்கள். வண்டி கண்ணடித்ததும் அக்காவைப் பார்க்கிறார்கள். அக்கா தலையாட்டினால்தான் சாப்பிடப் போகிறார்கள். டை கட்டிய பெரிய மனிதர்கள்கூட. அப்படியும் காதில் ஃபோனோடு ஒருவர் நடந்துவிட்டால் விசில் பறக்கும். ஒரு பக்கம் கேட்டைத் திறந்துகொண்டு, இன்னொரு பக்கம் எந்த வண்டி மின்னவில்லை என்பதையும் அக்கா எப்படிப் பார்க்கிறார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தான் பார்க்கிறேன். அதற்கே ஷீட் வேண்டும்.

போன வாரம் பஸ்ஸுக்கு ஓடும்போது முதுகுக்குப் பின்னால் விசில் கேட்டது. கார் நிறுத்துமிடத்தில் இருந்த எல்லாரும் நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் ரிமோட்டை எடுத்து மறுபடி அமுக்கினார்கள். அக்காவின் விரல் என்னை நோக்கி நீண்டிருந்தது.

“இன்னா இன்ஜினியரு, ஊர் வண்டியெல்லாம் பூட்டுற. முதுவுல பை வாயத் தொறந்துகினுகீது பாரு!”

சோற்று டப்பா பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸே சிரித்தது. ஜிப்பை இழுத்து மூடி, நன்றாக மூடிவிட்டதா என்று இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். திரும்பினேன். அக்கா தலையாட்டினார். அப்புறம்தான் ஏறினேன்.