துடுப்புக்காரி

கடல்நாய்கள் வெயில் காயும் பாறைக்குப் பக்கத்தில் அவள் கணவன் சிப்பி எடுக்க மூழ்குவான். படகை அவள் பிடித்துக்கொள்வாள். சுறாக்கள் மலிந்த கடல் அது. அவற்றைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து வருவார்கள்.

அன்று காலை அவன் மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்தான். பிடித்த கை வழுக்கியது. தண்ணீர் சிவந்தது. சுறா அவன் முழங்காலைக் கவ்வி உலுக்கியது. அவள் ஒரு கையால் அவன் தலைமுடியைப் பற்றிக்கொண்டு, மறுகையால் துடுப்பை எடுத்து அதன் செவுளில் குத்தினாள். மூன்றாவது குத்தில் துடுப்பு முறிந்தது. முறிந்த முனையை அதன் கண்ணுக்குள் இறக்கினாள். சுறா விட்டது, ஆனால் காலோடு போனது. கயிற்றால் தொடையை இறுக்கிக் கட்டி அவனைக் கரை சேர்த்தாள். அன்றிலிருந்துதான் துடுப்புக்காரி என்ற பெயர்.

நான்காம் நாள் கொழுந்தன் ஆள் திரட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். ஐந்து சுறாக்களைத் துறையில் இழுத்துப்போட்டு இரும்புக் கம்பியால் அடித்தார்கள். ஒன்றின் வயிற்றைக் கிழித்தபோது குட்டிகள் வழுக்கி விழுந்தன. அவற்றையும் மிதித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"எதை அடிக்கறீங்க? எல்லாத்துக்கும் ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு."

"அண்ணி, வீட்டுக்குப் போங்க. கால் போனது என் அண்ணனுக்கு."

"அவரு கேட்டாரா உங்ககிட்ட?"

ஓங்கி அறைந்தான். அவள் உதடு கிழிந்தது. அந்த வேகத்திலேயே திரும்பி, ஒரு சுறாவின் பல்லைப் பிடுங்க வாய்க்குள் கையை விட்டான். அது இன்னும் சாகவில்லை. தாடை மூடியது.

கூட்டம் சிதறி ஓடியது. கீழே கிடந்த கம்பியை எடுத்து, தாடையை நெம்பித் திறந்தவள் அவள்தான். கொழுந்தன் கையில் மிஞ்சியது கட்டைவிரல் மட்டும்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் தம்பியைப் பார்த்த அவள் கணவன், "சுறா வாயில கைய விடற அளவுக்கு உனக்கு என்னடா அவசரம்?" என்றான். அடக்க முடியாமல் அவள் சிரித்தாள். உதட்டுத் தையல் வலித்தது.

கொழுந்தன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் அறைந்ததை அவளும் மறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவள் சிப்பிக்கு மூழ்கத் தொடங்கினாள். செயற்கைக் காலோடு கணவன் படகைப் பிடித்துக்கொண்டான். முதல் நாள் வெறும் பையோடு மேலே வந்து, படகில் வாந்தியெடுத்தாள்.

"இன்னிக்குப் போதும்," என்றான்.

வாயைக் கழுவிக்கொண்டு மறுபடி குதித்தாள்.