கேட்டுவிட்டுக் கொடுப்பவர்

சேந்தமங்கலம் கடைவீதியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தூக்கம் போதாத கண்கள், கொண்டையில் செருகிய டெஸ்டர். எந்தச் சாமானையும் எடுக்கும் முன் ஒரு கேள்வியாவது கேட்பார்.

அன்று எனக்கும் களைப்புதான். புதிதாக வாங்கிய கீசரை மாட்டித் தர வேண்டிய ஆள் நான்கு நாளாக ‘நாளைக்கு வாரேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானே மாட்டிவிடலாம் என்று முடிவு செய்து, தேவையான ஆறு சாமான்களை வரிசையாக எழுதிக்கொண்டு போனேன்.

கீசரை நானே மாட்டப்போவதாகச் சொல்லித் தாளை நீட்டினேன். அவர் படித்தார். “ஏனுங்க, உங்க ஊட்டு எர்த் கம்பி எங்க போகுது?”

“போர்வெல் கேசிங் பைப்புல கட்டியிருக்காங்க.”

“இரும்பு பைப்புங்களா, பிளாஸ்டிக்குங்களா?”

எனக்குத் தெரியவில்லை. “நான் எலக்ட்ரிகல் இன்ஜினியருங்க” என்றேன்.

“அதனாலதாங்க கேக்கறேன். தெரியாதவங்க பயந்துக்கிட்டு ஆளு வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க.” கொட்டாவி விட்டபடி தாளைத் திருப்பிக் கொடுத்தார். “பாத்துட்டு வாங்க. கடை இங்கதான் இருக்கும்.”

வீட்டுக்கு வந்து போர்வெல்லை மூடியிருந்த கல்லை நகர்த்திப் பார்த்தேன். பிளாஸ்டிக் குழாய். அதில் எர்த் கம்பியை ஏழு சுற்றுச் சுற்றி, அழகாக முறுக்கிவிட்டிருந்தார்கள். கீசரில் மின்சாரம் கசிந்தால் அது மண்ணுக்குப் போக வழியே இல்லை.

இன்ஜினியர் என்று சொன்னதும் பெரும்பாலும் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அவர் மட்டும் ஏன் விடவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். மறுநாள் காலை அந்தக் கீசர் தண்ணீரில் முதலில் குளிப்பதாக இருந்தவர் என் அம்மா.