சிவநேசம் அண்ணையின் சத்தம்

சிவநேசம் அண்ணைக்கு ஃபுட்போல் பைத்தியம். ஊரில் நாங்கள் காலால் உதைத்து விளையாடிய ஃபுட்போல் அல்ல. முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, நாலு பேர் மேலே விழுந்து அமுக்குகிற விளையாட்டு. மொன்றியலில் ஹொக்கிக்கு உயிரை விடுகிறவர்களைப் புரிந்துகொள்ளலாம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் விளையாடும் இதற்குப் போய் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் இருபத்தைந்து வருடச் சனிக்கிழமைகளைக் கொடுத்தார் என்றால் யார் நம்புவார்கள்? நானும் அவரும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் இழுத்துக்கொண்டு போய்த்தான் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது.

கனடாவுக்கு வந்த புதிதில் அவர் தனியாள். மனைவி பிள்ளைகள் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். வாடகை அறைக்குப் பக்கத்தில் மைதானம். சத்தம் கேட்டுப் போயிருக்கிறார். எல்லோரும் கத்தினார்கள், அவருக்கும் கத்தவேண்டும் போல் இருந்தது. பிரெஞ்சு தெரியாது, தமிழில் கத்தினார். எதிரணிக்காரன் பந்தோடு ஓடும்போதெல்லாம், "விடாதை! விடாதை!" வருடங்கள் போகப் போக எங்கள் பக்கத்துப் படிவரிசை முழுவதும், வெள்ளைக்காரர், ஹெயிட்டிக்காரர், அரபுப் பெடியள் எல்லோரும், அவரோடு சேர்ந்து "விடாதை" என்று கத்தப் பழகிவிட்டார்கள். சொந்தப் பிள்ளைகள் வீட்டில் அவருக்குப் பிரெஞ்சில் பதில் சொல்வது வேறு கதை.

இன்னொரு வழக்கமும் அவர் உண்டாக்கியதுதான். ஒரு பிள்ளை அடிபட்டு விழுந்தால், எந்த அணி என்றாலும், அண்ணை எழுந்து வலக்கையைத் தூக்குவார். எங்கள் பக்கம் அப்படியே அடங்கிவிடும். பிள்ளை எழும்பினால்தான் கை இறங்கும்.

"தாய் தேப்பன் பாத்துக்கொண்டு இருக்குதுகள். நாங்கள் ஆவெண்டு கத்திறதே?" என்பார்.

பிறகு காசு வந்தது. மைதானத்துக்கு ஒரு பந்தயக் கம்பனியின் பெயர் வைத்தார்கள். விளம்பரத்துக்காக ஆட்டம் நின்று நின்று நடந்தது. மூன்று வருடம் எங்களுக்காக ஓடிய எமில், எங்கள் செல்லப்பிள்ளை, கூடக் காசு கொடுத்த இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனான். அவனுடைய தாய் மரி மட்டும் பழைய இடத்திலேயே, எங்களுக்கு இரண்டு படி கீழே, வந்து உட்கார்ந்தாள். ஒருவரும் அவளோடு கதைப்பதில்லை. அண்ணை வழக்கம்போலத் தேநீர்ப் போத்தலை நீட்டுவார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அந்த நேரத்தில்தான் நிதின் வந்தான். சென்னைப் பெடியன், மைதானத்தின் ஒலி, திரை எல்லாம் பார்க்கும் கம்பனியில் வேலை. தமிழ்ப் பிள்ளை என்றதும் அண்ணை உருகிவிட்டார்.

"அங்கிள், கேமரா முன்னாடி ரெண்டு நிமிஷம் கத்துங்க, போதும். நீங்க வராத அன்னிக்கும் உங்க குரல் இங்க இருக்கும்," என்றான்.

"நான் ஏன் வராமல் விடப்போறன்?" என்று சிரித்தபடி கத்திக் கொடுத்தார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஆனால் அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

அடுத்த பருவம் தொடங்கியதும் ஒலிபெருக்கியில் அண்ணையின் சத்தம், திரையில் பனைமர உயரத்துக்கு அவருடைய வாய். முதல் வாரம் கைதட்டினோம். பிறகு பார்த்தால், அவர் வாயைத் திறக்கும் முன்பே அது கத்திவிடுகிறது. சனம் அவரைப் பார்ப்பதை விட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கியது. நான் நிதினைப் பிடித்து ஏசினேன்.

"நான் போடுறது இல்ல அண்ணா. கூட்டத்துல சத்தம் குறைஞ்சா சிஸ்டமே கண்டுபிடிச்சுப் போட்டுடும். டிவியில ஸ்டேடியம் அமைதியாத் தெரியக்கூடாதாம்," என்றான் அவன்.

ஒக்டோபரில் எமில் எதிரணிச் சட்டையோடு வந்தான். மூன்று வருடம் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடிய அதே சனம் ஊளையிட்டது. மரி குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டாம் பாதியில் அவன் பந்தோடு ஓட, இரண்டு பேர் இரண்டு பக்கத்தாலும் மோதினார்கள். விழுந்தவன் அசையவில்லை.

அண்ணை எழுந்து கையைத் தூக்கினார். அன்றைக்கும், அவ்வளவு வெறியிலும், சனம் அடங்கியது. கொடிகள் காற்றில் அடிபடுவது கேட்டது. அப்போதுதான் ஒலிபெருக்கி அலறியது.

"விடாதை! விடாதை!"

திரையில் அண்ணை வாய் பிளந்து கத்திக்கொண்டிருந்தார். கீழே எமில் கிடந்தான். அண்ணை மற்றக் கையையும் தூக்கினார். சனம் இன்னும் அமைதியானது. ஒலிபெருக்கி இன்னும் உரத்துக் கத்தியது. சத்தம் போட்டால்தான் அது நிற்கும் என்று தெரிந்து நான் கைதட்டப் போனேன். அண்ணை என் கையைப் பிடித்தார்.

"தட்டாதை. பொடியன் கிடக்கிறான்."

மரி திரும்பினாள். திரையைப் பார்க்கவில்லை, அண்ணையைப் பார்த்தாள்.

"சிவா, போதும். தயவுசெய்து," என்றாள் பிரெஞ்சில்.

அவர் மூடியிருந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டார். எமிலை வண்டியில் ஏற்றும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

எமில் உயிரோடு இருக்கிறான். இடக்கை விரல்கள் இன்னும் மடங்கவில்லையாம். ஒலியை நிறுத்தச் சொல்லி அண்ணை மூன்று முறை போய்க் கேட்டார். நிதின் வேலையை விட்டுப் போய்விட்டான், மற்றவர்களுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. அதன்பிறகு அவர் மைதானத்துப் பக்கம் போகவில்லை.

போன சனிக்கிழமை நான் மட்டும் போனேன். அண்ணையின் இடத்தில் "விடாதை" என்று தமிழில் அச்சடித்த சட்டையோடு ஒரு மாணவன் இருந்தான். திரையைக் காட்டி, "இவர் செத்துப்போன ரசிகரா?" என்று கேட்டான்.

"இல்லை. இங்கே பக்கத்தில்தான், டொலார்-டே-ஓர்மோவில், வீட்டில் இருக்கிறார்," என்றேன்.

"பிறகு ஏன் வருவதில்லை?"

நான் சொல்ல வாயெடுத்தேன். கூட்டம் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும். அண்ணையின் சத்தம் வந்தது. அவன் என்னை விட்டுவிட்டு எழுந்து நின்று, அதோடு சேர்ந்து கத்தத் தொடங்கினான்.